மருத்துவர் கோலமும் கைக்கருவியும்

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறட்பா, மருத்துவம் என்பது நோயுற்றானும், அதனைத் தீர்க்கும் மருத்துவனும், மருந்தும், அருகிருந்து இயற்றுவானும் என நான்கு கூறுகளை உடையது என வகுத்துரைக்கின்றது. இதற்கு உரை வகுத்த பரிமேலழகர் ஒவ்வொரு கூற்றினையும் மீண்டும் நந்நான்காக விரித்து, மருத்துவனுக்கு வேண்டுவன இவையென எண்ணுமிடத்து, நோயைக் கண்டு அஞ்சாமை, கல்வியும் நுண்ணறிவும், பலகால் தீர்த்துப் பயின்ற பயிற்சி ஆகியவற்றோடு உள்ளமும் உரையும் உடலும் தூயனாதலையும் ஒன்றாக வைத்தார். இவற்றுள் உடல் தூய்மை என்பதனையே யாம் ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். மருத்துவன் எதனை உடுத்தான், எதனைக் கையிற் கொண்டான், அவை யார்பொருட்டு அமைந்தன என்னும் வினாக்கள் எளியனபோலத் தோன்றினும், அவற்றின் வரலாற்றில் பல்லாயிரம் மகளிரின் உயிர் அடங்கிக் கிடக்கின்றது.

தொடங்குமுன் ஒன்று கூறுதல் கடன். உரையாசிரியர் குறித்த உடல் தூய்மையைக் கொண்டு, கண்ணுக்குப் புலப்படாத நோய்க்கிருமிகளைப் பண்டைத் தமிழர் அறிந்திருந்தனர் என்று வாதிப்பாரும் உளர். அஃது ஆராய்ச்சி ஆகாது. பரிமேலழகர் கருதியது ஒழுக்கத்தின்பாற்பட்ட தூய்மை என்று கோடலே பொருந்தும். எனினும், ஒழுக்கத்தின் ஒரு பகுதியாகவேனும் மருத்துவன் உடலின் தூய்மை எண்ணத்தக்கது என அவர் கருதினார் என்பது குறிப்பிடற்பாலது. ஐரோப்பிய மருத்துவர் பலர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடையிலும் அதனை எண்ணத்தக்கதாகக் கருதவில்லை.

சங்க நூல்களில் மருத்துவனின் கருவி ஓரிடத்துத் தெளிவாகக் காணப்படுகின்றது. செங்குட்டுவனைப் பரணர் பாடிய பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில், போரிற் புண்பட்ட வீரரின் மார்பினைத் தைத்த நீண்ட வெள்ளிய ஊசி, குளத்து நீருள் மூழ்கி எழும் சிரற்பறவைக்கு ஒப்பிடப்படுகின்றது. பறவையின் நீண்ட அலகும், அது விரைந்து மூழ்கி மீளும் செயலும், தசையுட் புகுந்து வெளிப்படும் ஊசிக்கு எத்துணைப் பொருத்தம் என்பதைத் தையல் இட்டவரும் இடப்பெற்றவரும் அறிவர். ஊசியைக் கண்ட புலவர் அதனைப் பிடித்த கையினை உடையவன் எக்கோலத்தில் இருந்தான் என்பதைக் கூறிற்றிலர். உடை எல்லார்க்கும் ஒன்றாக இருந்தமையின் கூறவேண்டிய தேவையும் எழவில்லை போலும்.

ஐரோப்பாவில் நிலைமை வேறு. அங்கு மருத்துவனைத் தொலைவிலேயே இனங்காட்டுவது அவன் கோலமாக இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் கொள்ளைநோய் பரவிய நகரங்களில் அவன் மெழுகு பூசிய நீள் அங்கியும், பறவையின் அலகுபோல் நீண்ட மூக்கினையுடைய முகமூடியும் அணிந்தான் என்ப. இக்கோலத்தை வகுத்தவர் பிரெஞ்சு அரச மருத்துவர் சார்ல் தெ லோர்ம் என்றும், காலம் 1619 என்றும் கூறுவர்; 1656ஆம் ஆண்டைச் சார்ந்த செருமானியச் செப்புத்தகட்டு ஓவியம் ஒன்று இதனை ஏளனமாகத் தீட்டியுள்ளது. அலகினுள் நறுமணப் பொருள்கள் அடைக்கப்பெற்றன. தீநாற்றமே நோயைக் கொணர்வது என்னும் கொள்கை அக்காலத்தது. கொள்கை பிழையே, ஆயினும் மெழுகிட்ட அங்கி தெள்ளுப்பூச்சியின் கடியினின்றும் ஓரளவு காத்திருக்கலாம். பிழையான காரணத்தாற் கொண்ட கருவி சரியான பயனைத் தருவது மருத்துவ வரலாற்றில் மீண்டும் மீண்டும் நிகழும்.

பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில மருத்துவரின் அடையாளம் கைத்தடி. இலண்டனில் இராட்கிளிஃப், மீடு, ஆஸ்கியூ, பிட்கெயின், பெய்லி என்னும் ஐவர் கைகளில் ஒருவர்பின் ஒருவராக இருந்த பொற்பூண் தடி ஒன்று ஆங்குள்ள அரச மருத்துவர் கல்லூரியைச் சென்று சேர்ந்தது. அத்தடியே தன் வரலாற்றைத் தான் கூறுவதாக வில்லியம் மாக்மைக்கேல் 1827இல் ஒரு நூல் இயற்றினார். ஒரு தொழிலின் வரலாற்றை அதன் கருவியின் வாயிலாகவே சொல்லுவித்த அந்நூல் தமிழில் வருமாயின் நன்று. தடி நோயாளிக்கு எவ்வகையிலும் பயன்பட்டதில்லை என்பதும், மதிப்பிற்காகவே கொள்ளப்பட்டது என்பதும் வெளிப்படை.

அதே காலத்தில் நோயாளிக்குப் பயன்பட்ட கருவி ஒன்றும் தோன்றியது. இலிச்ஃபீல்டு நகரத்து மருத்துவர் சர் சான் ஃபுளோயர் 1707இல் நாடிக்கடிகாரத்தைப் பற்றி நூல் வெளியிட்டார். சரியாக ஒரு நிமிடம் ஓடி நிற்கும் கடிகாரத்தைச் செய்வித்து, அந்நேரத்துள் நாடி எத்துணை முறை துடிக்கின்றது என எண்ணினார். நம் நாட்டுச் சித்த மருத்துவர் மூவிரல் வைத்து வாதநாடி அன்னம்போலும் மயில்போலும் நடக்கும், பித்தநாடி ஆமைபோலும் அட்டைபோலும் ஊரும், ஐயநாடி தவளைபோலும் பாம்புபோலும் செல்லும் என நடையை உணர்ந்தனர். அவர் ஆராய்ந்தது நடை. ஃபுளோயர் ஆராய்ந்தது எண்ணிக்கை. எண்ணை ஏட்டில் எழுதலாம், நாளை வரும் மற்றொரு மருத்துவர்க்குக் காட்டலாம்; நடையை விரலறியுமேயன்றி ஏடறியாது. இவற்றுள் எது உயர்ந்தது எனத் தீர்ப்புக் கூறுதல் எம் கருத்தன்று. எண்ணைத் தேர்ந்துகொண்ட மருத்துவம் கருவியைத் தேடி ஓடவேண்டியதாயிற்று என்பதே ஈண்டு வேண்டுவது.

அவ்வோட்டத்தின் தலையாய விளைவு 1816இல் பாரிசு நகரத்தில் நிகழ்ந்தது. இரெனே இலென்னெக் என்னும் மருத்துவரிடம் நெஞ்சுநோய் உற்ற இளம்பெண் ஒருத்தி வந்தாள். மார்பிற் செவியை வைத்துக் கேட்டல் அக்காலத்து வழக்கேயாயினும், அவள் இளமையும் மகளிர்க்குரிய நாணமும் தடுத்தன. பருத்த உடலாதலின் கையால் தட்டி அறிதலும் இயலவில்லை. அவர் தாள்களைச் சுருட்டிக் குழலாக்கி ஒரு முனையை அவள் மார்பிலும் மறுமுனையைத் தம் செவியிலும் வைத்தார். வெறுஞ்செவியிற் கேட்பதினும் ஒலி தெளிவாகக் கேட்டது. பின்னர் அதனை மரத்தாற் கடைந்து செய்து, கேட்ட ஒலிகளையெல்லாம் வகைப்படுத்தி 1819இல் பெருநூலாக வெளியிட்டார். நாணம் பெற்றெடுத்த கருவி என இதனை யாம் சொல்லத் துணிவோம். மார்புநோய்களைப் பகுத்தறியக் கற்பித்த அவரே 1826இல், தம் நாற்பத்தைந்தாம் அகவையில், காசநோயால் இறந்தார். இரு செவிக்கும் உரிய குழல் அவர் காலத்தது அன்று. 1850களின் தொடக்கத்தில் ஆர்தர் இலியர்டு, நியூயார்க்கு மருத்துவர் காமன் முதலியோரால் அஃது உருப்பெற்றது. கழுத்திற் பாம்புபோற் கிடக்கும் இற்றைக் கோலம் அதன்பின் வந்தது.

இக்கருவியின் பெயர் சொல்லாராய்ச்சிக்கு உரியது. இலென்னெக் பெரும்பாலும் இதனை உருளை என்றே வழங்கினார். ஸ்டெதாஸ்கோப்பு என அவர் இட்ட பெயர், மார்பு, காணுதல் எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு. கேட்கும் கருவிக்குக் காணுங்கருவி எனப் பெயரிட்டது வழுவோ எனின், அன்று. தமிழிலும் நாடி 'பார்க்கின்றோம்', வைத்தியம் 'பார்க்கின்றோம்', பிள்ளைப்பேறு 'பார்க்கின்றோம்', மருத்துவர் குழல் வைத்துப் 'பார்க்கின்றார்'. பார்த்தல் என்பது கண்ணின் தொழிலாக நில்லாது ஆராய்ந்தறிதலைக் குறிப்பதாயிற்று. கிரேக்கமும் தமிழும் ஒன்றையொன்று அறியாமலே ஈண்டு ஒரு நெறியிற் சென்றுள்ளன. இதனை நோக்காமல் இக்கருவிக்கு 'இதயத்துடிப்புமானி' என ஆக்கச்சொல் படைத்து வழங்குகின்றனர். மானி என்பது அளப்பதற்குரியது. இக்கருவி எதனையும் அளப்பதில்லை. இதயத்தின் ஒலி மட்டுமன்றி நுரையீரலின் ஒலியும் குடலின் ஒலியும் இதனாற் கேட்கப்பெறும். எனவே முற்பகுதி குன்றக்கூறல், பிற்பகுதி மாறுகொளக்கூறல். வெப்பத்தை அளக்கும் கருவிக்கு வெப்பமானி என்னும் பெயர் முற்றும் பொருந்தும் என்பதும், அக்கருவியை ஓரடி நீளத்தினின்று ஆறு அங்குலமாகக் குறுக்கி, இருபது நிமிடம் காத்திருந்த மருத்துவரை ஐந்தே நிமிடத்தில் விடுவித்தவர் தாமஸ் கிளிஃபோர்டு ஆல்பட் என்பதும், அது நிகழ்ந்தது 1860களில் என்பதும் இவ்விடத்து நினைவுகூரத் தக்கன. சட்டைப்பையில் அடங்கிய பின்னரே வெப்பமானி மருத்துவர் கைக்கருவி ஆயிற்று.

இனி, உடைக்கு வருவோம். கட்டுரையின் உயிர்நிலையும் இதுவே.

1795இல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரத்து மருத்துவர் அலெக்சாண்டர் கார்டன் பிள்ளைப்பேற்றுக் காய்ச்சலைப் பற்றி நூலொன்று எழுதினார். எந்த மருத்துவச்சி எந்த வீட்டிற்குச் சென்றாள், அதன்பின் யார் நோயுற்றார் எனப் பட்டியலிட்டு ஆராய்ந்து, நோயை ஒருத்தியிடமிருந்து மற்றொருத்தியிடம் கொண்டு செல்பவர் மருத்துவரும் மருத்துவச்சியருமே என்று முடிவு கண்டார். தாமும் பல பெண்களுக்கு இந்நோயைக் கொண்டு சென்றதாக மறைக்காமல் எழுதினார். நோயாளியின் துணிகளை எரித்தல் அல்லது தூய்மை செய்தல் வேண்டும். பணி செய்தவர் தம்மைக் கழுவி, தம் ஆடைகளுக்குப் புகையூட்டிய பின்னரே மீண்டும் உடுத்தல் வேண்டும் என்பது அவர் விதி. நகரத்தார் அவரைப் போற்றவில்லை, வெறுத்தனர். அவர் அந்நகரை விட்டே நீங்கினார். தம் கைப்பழியைத் தாமே எழுதி வைத்த இவர் பெயர், தாம் கண்டதை ஒப்புக்கொள்ளாதாரைக் கடிந்து எழுதிய பிறர் பெயருக்குப் பின்னே மறைந்து போனமை எமக்கு வருத்தமே.

1843இல் அமெரிக்க நாட்டு ஆலிவர் வெண்டல் ஓம்சு இதனையே மீண்டும் வலியுறுத்தினார். அவரை மறுத்தெழுதிய ஃபிலடெல்ஃபியா பேராசிரியர் மீக்சு, மருத்துவர் பண்புடைய கனவான்கள், கனவான்களின் கைகள் தூயன என வாதித்தார். ஈண்டுத் தூய்மை என்பது மெய்யின் தூய்மையாக இல்லாமல் குடிப்பிறப்பின் பெயராகி விட்டமை காண்க. வியன்னாவில் செம்மல்வைசு 1847ஆம் ஆண்டு, பிணங்களை அறுத்து ஆய்ந்த மாணாக்கர் கைகளைச் சுண்ணாம்புக் குளோரைடு நீரிற் கழுவிய பின்னரே மகளிரைத் தொடல் வேண்டும் என விதித்தார். ஏப்பிரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த தாய்மார் இறப்பு சில திங்களில் இரண்டின் அளவிற்கு இறங்கியது. எண் இத்துணைத் தெளிவாக இருந்தும் மருத்துவ உலகம் இணங்கவில்லை. இணங்கினால், தம் கைகளே கொன்றன என ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. செம்மல்வைசு 1865இல் மனநோயர் விடுதி ஒன்றில் இறந்தார். அதே ஆண்டு, கிளாஸ்கோவில் இலிஸ்டர் கார்பாலிக் அமிலம் தோய்த்த துணியால் ஒரு சிறுவனின் கால்முறிவுப் புண்ணைக் கட்டினார்.

உடையில் நிகழ்ந்த மாற்றத்தை அறிய எழுத்துச் சான்றினும் ஓவியச் சான்றே சிறந்து நிற்கின்றது. தாமஸ் ஈக்கின்சு என்னும் அமெரிக்க ஓவியர் ஒரே நகரத்தில், பதினான்கு ஆண்டு இடைவெளியில், இரு பெரும் ஓவியங்கள் தீட்டினார். 1875ஆம் ஆண்டின் ஓவியத்தில் அறுவை மருத்துவர் சாமுவேல் கிராசு கறுப்புக் கோட்டு அணிந்து, குருதி தோய்ந்த கத்தியும் கையுமாக நின்று மாணாக்கர்க்கு விரிவுரை ஆற்றுகின்றார். உதவியாளரும் கறுப்புடையினரே. வீட்டிலிருந்து வந்த உடையிலேயே அறுவை நடக்கின்றது. 1889ஆம் ஆண்டின் ஓவியத்தில் ஆக்னியூ என்னும் மருத்துவரும் துணைவரும் வெள்ளை உடையில் நிற்கின்றனர். பயிற்சி பெற்ற செவிலி ஒருத்தியும் உடன் நிற்கின்றாள். ஆயினும் எவர் கையிலும் கையுறை இல்லை. எவர் முகத்திலும் மூடி இல்லை. ஓவியன் தன் விருப்பிற்கேற்ப நிறந்தீட்டக் கூடுமாதலின் ஓவியத்தைச் சான்றாகக் கொள்ளல் யாங்ஙனம் எனின், ஈக்கின்சு உடற்கூறு பயின்றவர், கண்டதைக் கண்டவாறே தீட்டும் பிடிவாதம் உடையவர். அக்கத்தியின் குருதிக்காகவே பழிக்கப்பெற்றவர். எனவே நம்பலாம்.

கறுப்பு ஏன் நெடுநாள் நிலைத்தது என்பதற்கு விடை எளிது. கறுப்பு துயர்க்கும் பெருமிதத்திற்கும் உரிய நிறம்; கறையையும் மறைக்கும். வெள்ளை கறையைக் காட்டிக்கொடுக்கும். தன் கறையைத் தானே காட்டும் உடையை ஒரு தொழிலார் ஏற்றுக்கொண்டது சிறிய செயலன்று. அவ்வெள்ளைக் கோட்டு நோயாளியின் கட்டிலருகே பிறந்ததன்று, ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. தாமும் அறிவியலாளரே எனக் காட்ட விரும்பிய மருத்துவர் அதனை மேற்கொண்டனர் என்பதும் உண்மை. தூய்மையும் மதிப்பு வேட்கையும் அவ்வுடையில் இழையும் ஊடையுமாகக் கலந்துள்ளன.

கையுறையின் வரலாறு இன்னும் வியப்புடைத்து. நோயாளியைக் காக்கவே அது தோன்றியது எனப் பலரும் கருதுகின்றனர். அன்று. பால்ட்டிமோர் நகரத்து சான்சு ஆப்கின்சு மருத்துவமனையில் 1889-90ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், அறுவைக்கூடச் செவிலி காரொலின் ஆம்ப்டன் என்பாரின் கைகள் பாதரசக் கழுவுநீரால் புண்பட்டன. தலைமை அறுவை மருத்துவர் ஆல்ஸ்டெடு, குட்இயர் நிறுவனத்தைக் கொண்டு மெல்லிய இரப்பர்க் கையுறைகள் செய்வித்தளித்தார். 1890இல் அவ்விருவரும் மணந்துகொண்டனர். உதவியாளரும் பிறரும் படிப்படியாக அணியத் தொடங்கி, புண் சீழ்வைத்தல் குறைந்தமையை எண்ணிக் கண்டு கூறச் சில ஆண்டுகள் சென்றன. தாம் விரும்பிய பெண்ணின் கைக்கு அளித்த உறை நோயாளிக்கு வேண்டும் எனத் தமக்கு உடனே தோன்றாதது குறித்து ஆல்ஸ்டெடே பிற்காலத்து வியந்ததுண்டு. இக்கையுறையில் தமிழர்க்கும் பங்குண்டு. முதற் கையுறைகளின் காலத்தில் உலகின் இரப்பர் பெரும்பாலும் அமேசான் காட்டிலிருந்து வந்தது; இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாத் தோட்டங்கள் அதன் இடத்தைப் பிடித்தன. அங்கு விடியுமுன் எழுந்து மரத்தைக் கீறிப் பாலெடுத்தோருள் பெரும்பகுதியினர் தமிழ்நாட்டினின்று சென்ற கூலிமக்கள். அறுவைக்கூடங்களின் வரலாறு எழுதுவோர் அக்கைகளை எழுதுவதில்லை.

முகமூடி 1897இல் பிரெசுலவு நகரத்தில் மிக்குலிச்சு என்பாரால் அறுவைக்கூடத்திற்கு வந்தது. அதனை வீதிக்கும் கொள்ளைநோய் விடுதிக்கும் கொண்டு வந்தவர் பினாங்கில் 1879இல் பிறந்த சீனர், ஊ இலியன்தே. மஞ்சூரியாவில் 1910-11ஆம் ஆண்டில் நுரையீரற் கொள்ளைநோய் பரவியபோது, அது மூச்சுவழிப் பரவுவது எனக் கண்டு, பஞ்சும் வலைத்துணியும் மடித்த மூடியை எல்லாரும் அணிய வேண்டும் என்றார். அவரின் மூத்தவரும் பட்டறிவு மிக்கவருமான பிரெஞ்சு மருத்துவர் மெனி, இளைஞரும் சீனருமாகிய ஒருவர் சொல்லைக் கேட்க மனமின்றி, மூடாத முகத்தோடு நோயாளரைச் சென்று கண்டார். சில நாட்களில் அந்நோயாலேயே மாண்டார். அதன்பின் ஆர்பின் நகரத்தில் மூடி அணியாதார் அரியர்.

உடைபற்றிய இவ்வாராய்ச்சியில் யாழ்ப்பாணத்து மானிப்பாயை விடுத்தல் பிழையாகும். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் 1847இல் அங்கு வந்து மருத்துவக் கல்வியைத் தொடங்கினார். 1864 முதல் அதனைத் தமிழிலேயே கற்பித்தார். இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம், மனுஷ சுகரணம் முதலிய நூல்கள் அவராலும் அவர் மாணாக்கராலும் தமிழில் வெளிவந்தன. நூற்பணியைப் பலரும் போற்றுவர். உடைபற்றி அவர் கொண்ட உறுதியைக் குறிப்பிடுவார் சிலரே. தம் மாணாக்கர் மேனாட்டு உடைக்கும் உணவுக்கும் மாறுவதை அவர் விரும்பவில்லை. சமயத்தால் கிறித்தவராயினும், நடையுடையால் தம் மக்களோடு ஒட்டியவராகவே அவர்கள் இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. மாணாக்கர் விருப்பமோ வேறாக இருந்தது. காற்சட்டை அணிந்த மருத்துவனுக்குக் கிட்டிய மதிப்பு வேட்டி உடுத்த மருத்துவனுக்குக் கிட்டவில்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஒரு வெளிநாட்டார் தமிழ் உடையை வற்புறுத்த, தமிழர் மறுத்த இக்காட்சியில் யார் பக்கம் நியாயம் என எளிதில் உரைக்க இயலாது. மொழியை மாணாக்கர்பொருட்டு மாற்றிய ஆசிரியர், உடையை அவர்கள் விருப்பிற்கு விடவில்லை என்று குறை கூறலாம். ஆயினும், உடையால் ஊரினின்று பிரிந்த மருத்துவன் பேச்சாலும் பிரிவான் என அவர் கொண்ட அச்சம் பொய்க்கவில்லை. 1873இல் அவர் தாயகம் திரும்பிய பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைபெறவில்லை. 1884இல் இறந்த அவர் கல்லறையில், அவர் விரும்பியவாறே, தமிழர்க்கு மருத்துவ ஊழியர் என்னும் கருத்துடைய தொடர் பொறிக்கப்பெற்றது.

வெள்ளைக் கோட்டின் பிற்கால வரலாறு சுருக்கமானது. அமெரிக்காவில் 1993 முதல் மாணாக்கர்க்கு வெள்ளைக் கோட்டு அணிவிப்பதே ஒரு சடங்காக வளர்ந்தது. இங்கிலாந்தில் 2007இல் நலவாழ்வுத் துறை, முழங்கைக்குக் கீழ் எதுவும் இருத்தலாகாது என விதித்து, நீண்ட கையுடைய கோட்டையும் கைக்கடிகாரத்தையும் விலக்கியது. உடையால் நோய் பரவுகின்றது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை என அத்துறையின் ஏடே ஒப்புக்கொண்டது. கை கழுவ எளிது என்பதே விதிக்குக் காரணம். ஃபுளோயர் மருத்துவர் கையிற் கடிகாரத்தைக் கொடுத்தது 1707. கையினின்று அது கழற்றப்பெற்றது சரியாக முந்நூறாம் ஆண்டில். செவிலியரோ நெடுங்காலமாகவே அதனை மார்பிற் குத்தியே வந்துள்ளனர். அவர்களைக் கேட்டிருந்தால் மருத்துவர் முன்னரே அறிந்திருப்பர்.

2014-15ஆம் ஆண்டுகளில் மேற்கு ஆப்பிரிக்காவின் இலைபீரியாவில் எபோலா நோய் பரவியபோது, மருத்துவரும் செவிலியரும் தலைமுதல் அடிவரை மூடிய உடையில் பணி செய்தனர். கண்ணும் தெளிவாகத் தெரியாத அக்கோலத்தைக் கண்டு நோயாளர் அஞ்சினர். மேரி பெத் எஃபெர்னன் என்னும் அமெரிக்கக் கலைஞர் அங்குச் சென்று, பணியாளர் ஒவ்வொருவரையும் சிரித்த முகத்தோடு நிழற்படம் எடுத்து, அப்படத்தை அவரவர் உடையின் மார்புப் புறத்தில் ஒட்டுவித்தார். உடை நாள்தோறும் எரிக்கப்படுவதாதலின் படமும் நாள்தோறும் புதிதாக ஒட்டப்பெற்றது. 2020இல் கொரோனா பரவிய காலத்திலும் இம்முறை பல மருத்துவமனைகளில் கைக்கொள்ளப்பட்டது.